மலோன் சாகிறான், மாமா சிரிக்கிறார்

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவருக்குச் சாவைப் பற்றிய நாவலை யாராவது வாசித்துக் காட்டுவார்களா என்று என் அக்கா போனில் கேட்டாள். பாதி கோபம், பாதி பயம். புத்தகத்தை எடுத்துவரச் சொன்னதே அவர்தான் என்றேன். "அவர் சொன்னா? உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றாள். இதே கேள்வி இன்னும் பல பேருக்கு வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எழுந்து நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருப்பவர்களுக்கும், இந்த மாதிரி நாவல்களை ஆசையாக எடுத்துப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்தவர்களுக்கும் ஏதாவது பயன்படலாம்.

மாமா, அதாவது என் மாமனார், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 84. முத்தியால்பேட்டை வீட்டில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வாக்கர் பிடித்து நடப்பார் என்றார்கள், நாலு அடி நடக்கவும் செய்தார். அப்புறம் கட்டில்தான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண், இங்கே வாக்கப்பட்டு வந்தவள். பள்ளியில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்ற கணக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் ஓடுகிறது. அப்படி அள்ளிய மார்க்கில் ஒரு கடிதம்கூட எழுத வராது என்பது வேறு விஷயம்.

அலமாரியின் மேல் தட்டில் வெள்ளை அட்டை, நீல எழுத்து, சின்ன நட்சத்திரம் போட்ட ஒரு புத்தகம் இருக்கும், அதை எடு என்றார். பாரிஸ் மினுய் பதிப்பகத்தின் பழைய அட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. சாமுவேல் பெக்கெட்டின் 'மலோன் மெர்', அதாவது 'மலோன் சாகிறான்'. 1951-ல் வந்த நாவல். பெக்கெட் அயர்லாந்துக்காரர், டப்ளின் பக்கத்தில் 1906-ல் பிறந்தவர். பாரிஸில் குடியேறி, பிரெஞ்சிலேயே எழுத ஆரம்பித்தார். இந்த நாவலை அவரே ஆங்கிலத்திலும் எழுதி 1956-ல் வெளியிட்டார். 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் மூலம் அவரைப் பலருக்குத் தெரிந்திருக்கும், 1969-ல் நோபல் பரிசும் வந்தது. அந்த நாடகத்தை எழுத உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால், 1947-48-ல் எழுதி முடித்தது இது.

கதை என்ன என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். மலோன் என்ற கிழவன் ஓர் அறையில் கட்டிலில் கிடக்கிறான். எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. சீக்கிரம் செத்துவிடப் போகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறான். அதுவரை பொழுது போக வேண்டுமே! தனக்குத் தானே சில கதைகள் சொல்லிக்கொள்வது, கடைசியில் தன்னிடம் இருக்கும் சாமான்களைக் கணக்கெடுப்பது என்று திட்டம் போடுகிறான். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். திட்டப்படி எதுவுமே நடப்பதில்லை.

மாமாவால் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படிக்க முடியாது, தோள் வலிக்கும். எனவே காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சொல்லி வைத்து ஆங்கிலப் பிரதி ஒன்றை வாங்கினேன். நான் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லுவேன். அவர் பிரெஞ்சுப் புத்தகத்தை மார்மேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். எப்போதாவது ஒரு பத்தியைப் பூதக்கண்ணாடி வைத்துச் சத்தமாகப் படித்து, "கேட்டியா, மூச்சு எங்க விடறான் பாரு" என்பார்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் இட்லி, மாத்திரை எல்லாம் முடிந்து, வெயில் ஜன்னலுக்கு வருவதற்கு முன் ஒரு கால் மணி நேரம், அதுதான் சரியான பொழுது. சாயங்காலம் வேண்டாம். விளக்கு வைக்கும் நேரத்தில் வயதானவர்களுக்கு மனசு கலங்கும், இது எந்த வேளை, யார் வந்தது என்ற குழப்பம் வரும். அந்த நேரத்தில் இந்தக் கிழவனின் குரலை உள்ளே விடக்கூடாது. பகலில் கேட்டால் சிரிப்பு வரும் அதே பக்கம் இரவில் வேறு மாதிரி கேட்கும். இன்னொன்று, அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதில் அத்தியாயமே கிடையாது. மலோனே பாதியில் நிறுத்திவிட்டு, ஐயோ அலுப்பு என்று தன் கதையையே திட்டுகிறான். நாமும் பாதியில் நிறுத்தலாம்.

முன்னுரையை முதலில் படிக்காதீர்கள் என்பதும் என் அனுபவம். ஆங்கிலப் பிரதியின் பின்னட்டையில் மரணம், தன்னிலை, மொழியின் தோல்வி என்று பெரிய பெரிய வார்த்தைகள். அதை நம்பி உள்ளே போனால் ஒரு மடத்துக்குள் நுழைகிற முகத்தோடு போவோம், சிரிக்கத் தோன்றாது. உள்ளே இருப்பதோ பென்சில் கீழே விழுந்துவிட்ட ஒரு ஆள். ஆமாம், நடுவில் மலோனின் பென்சில் கை நழுவி விழுந்துவிடுகிறது. நாற்பத்தெட்டு மணி நேரம் போராடி அதை மீட்டுக்கொண்டு, அடுத்த வரியில் அந்த விவரத்தை நமக்கு எழுதுகிறான். எழுதுவதற்கும் அதே பென்சில்தானே. இரண்டு முனையும் சீவப்பட்ட, விரலுக்குள் அடங்கிவிடுகிற துண்டுப் பென்சில். மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு இடத்தில் வாத்தியார் சிரிப்பு சிரித்தார். மலோன் சொல்லும் கதையில் சாப்போ என்று ஒரு பையன். அவன் அப்பா அம்மாவுக்குப் பணமில்லை. ஆனால் பையன் டாக்டராக வேண்டும், வயசான காலத்தில் நம்மைப் பார்த்துக்கொள்வான் என்று கணக்குப் போடுகிறார்கள். பரீட்சைக்காக அவனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள். பையன் மனமோ எதிலும் இல்லை. "நாற்பது வருஷம் இந்த அப்பா அம்மாவை பேரண்ட்ஸ் மீட்டிங்ல பார்த்திருக்கேன்மா, இந்த ஆள் எங்க பார்த்தான்?" என்றார் மாமா. ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இருக்கிற எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு கேட்கும். நீட் கோச்சிங் பேச்சை எடுத்துவிட்டால் அப்படியே பொருந்தும்.

இனி கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாவலால் எங்கள் வீட்டில் நிஜமாகவே மாறியது அதுதான்.

மலோனிடம் ஒரு நீளமான குச்சி இருக்கிறது. அதை வைத்துச் சக்கரம் போட்ட சின்ன மேஜையை இழுத்துக்கொள்கிறான், மூலையில் குவிந்து கிடக்கும் சாமான்களைக் கிளறுகிறான். சாமான்களைக் கணக்கெடுக்கும்போது எது என்னுடையது என்று ஒரு விதி வைக்கிறான். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து, வேண்டும்போது என்னால் எடுத்துக்கொள்ள முடியுமோ அது மட்டுமே என்னுடையது. இந்த இடத்தை வாசித்ததும் மாமா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்போ இந்த வீட்டில என்னுதுன்னு என்ன இருக்கு?" என்றார். துக்கமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்தான்.

விதிப்படி பார்த்தால் தலையணை, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில். தீர்ந்தது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது, வீடு அவருடையதில்லை. அவர் புத்தகங்கள் எதிர்ச் சுவர் அலமாரியில், அவருக்கு எட்டு அடி தள்ளி. ஃபேன் சுவிட்சுக்குக்கூட என்னைக் கூப்பிட வேண்டும்.

அன்று மத்தியானமே அலமாரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். கை எட்டும் இரண்டு தட்டுகளில் அவர் சொன்ன சாமான்கள் மட்டும். என் வீட்டுக்காரர் ஒரு பழைய திரைச்சீலைக் கம்பியின் நுனியில் கொக்கி மாட்டிக் குட்டித் தொரட்டி ஒன்று செய்து கொடுத்தார். அதை வைத்து மாமா பேப்பரை இழுப்பார், ஜன்னல் கதவைத் தள்ளுவார், சுவிட்சைத் தட்டுவார். "அம்மா, அம்மா" என்று கூப்பிடும் சத்தம் பாதியாகக் குறைந்தது. வீட்டில் பெரியவர் இருந்தால் மருந்து, மாத்திரை எல்லாம் அப்புறம், முதலில் அவர் கட்டிலில் நீங்கள் படுத்துப் பாருங்கள். படுத்தபடியே கை எங்கே எட்டுகிறது என்று பாருங்கள். நான் படுத்துப் பார்த்தபோது கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தது. மாதக்கணக்கில் எங்களிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தாரே என்று அப்போதுதான் உறைத்தது.

குச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் நாவலிலேயே இருக்கிறது. மலோன் கட்டிலையே நகர்த்திப் பார்க்கலாம் என்று குச்சியை ஊன்றித் தள்ளுகிறான், பரிசல்காரன் துடுப்புக்கழி ஊன்றுவது மாதிரி. குச்சி கைவிட்டுப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் நாலு சக்கரத்தின் பூட்டும் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் ஒன்று பிடிக்கவில்லை.

கணக்கெடுப்பும் நடத்தினோம். மாமா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். மலோனின் பட்டியலில் ஒற்றை பூட்ஸ், புகைக்குழாயின் கிண்ணம் மட்டும், சைக்கிள் மணியின் மூடி, இரண்டு தக்கைகளில் செருகி வைத்த ஒரு ஊசி. மாமாவின் பட்டியலில் நிப் போன பேனா, அத்தையின் கண்ணாடி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, சாக்பீஸ் டப்பா ஒன்று, அதில் பாதி சாக்பீஸ். மலோனின் ஊசி வந்த இடத்தில் அவர் நிறுத்தி, "காதற்ற ஊசியும் வாராதுன்னு நம்ம பட்டினத்தாரு பாடிட்டுப் போனாரு. இந்த ஆளு கடைவழிக்குப் போற நேரத்தில ஊசியை எண்ணிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேருமே ஊசியைத்தான் நினைச்சிருக்காங்க பாரு" என்றார்.

பெக்கெட்டுக்குச் சாமான் கணக்கு புதிதில்லை. போர் முடிந்ததும் 1945-ல் பிரான்சின் சேன் லோ ஊரில், குண்டுவீச்சில் தரைமட்டமான ஊர் அது, அயர்லாந்துச் செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் பண்டகப் பொறுப்பும் மொழிபெயர்ப்பும் அவர் வேலை. அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இந்த நாவல். அப்போது அவர் அம்மாவுக்குப் பார்க்கின்சன்ஸ் நோய், 1950-ல் காலமானார். எழுதிய ஆள் கட்டில்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பது வாசிக்கும்போதே தெரியும்.

எங்கள் கணக்கெடுப்பால் வந்த இன்னொரு லாபம், வங்கி லாக்கருக்கு நாமினி போடவே இல்லை என்பது வெளியே வந்தது. "என் சாமான் எங்கே" என்று ஆரம்பித்த பேச்சு தானாக அங்கே போய் நின்றது. நாங்களாகப் போய்ப் பத்திரம், உயில் என்று கேட்டிருந்தால் வீட்டில் சண்டைதான் வந்திருக்கும்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் எழுதாத விஷயம். மருமகள் பெட்பேன் வைப்பதை எந்த மாமனாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பகலில் உதவிக்கு ஒரு ஆள் வருவார், அவர் இல்லாத நேரத்தில் மாமா அடக்கிக்கொண்டே கிடப்பார். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விட்டது. நாவலில் மலோனுக்கு இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் கஞ்சி வரும், இன்னொன்றில் மற்றது போகும். உலகத்தின் இரண்டு துருவங்கள் இவைதான் என்கிறான். அதை வாசித்த மறுநாள் மாமா உத்தரத்தைப் பார்த்தபடி, "தென் துருவம்" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அதுதான் குறிச்சொல். பேரன் ஹாலில் இருந்து "தாத்தாவுக்கு தென் துருவமாம்!" என்று கத்துவான். வந்த விருந்தாளிகள் பூகோளப் பாடம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில், 2024 நவம்பர் 30, கரண்ட் போய்விட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க நாங்கள் போட்டிருந்தது காற்று மெத்தை. மோட்டார் மாற்றி மாற்றிக் காற்றை அடித்தால்தான் அது மெத்தை, இல்லாவிட்டால் வெறும் ரப்பர் விரிப்பு. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். கரண்ட் இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு மடித்த துணி. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. யாருக்கும் தூக்கம் இல்லை. இரவில் வாசிக்கக் கூடாது என்று நானே வைத்த சட்டத்தை அன்று மாமா தள்ளுபடி செய்தார். டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் வந்து நின்ற இடம் என்ன தெரியுமா? சாப்போ பையன் வளர்ந்து மக்மன் ஆகிவிட்டான். நடுவில் மலோனுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் மாற்றிவிட்டான், அவ்வளவுதான். அந்த மக்மன் வெட்டவெளியில் பெருமழையில் மாட்டிக்கொள்கிறான். ஒதுங்க இடமில்லை. குப்புறப் படுத்துக்கொள்கிறான், வயிறாவது நனையாதே என்று. பிறகு மல்லாக்கிறான். அப்புறம் உருள ஆரம்பிக்கிறான். விடியும்வரை நாங்கள் மாமாவைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் அவரே, "மக்மன் உருள்றான், பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே நவம்பர்தான் மத்திய அரசு விதியில் வரும் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கும் மாதம். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், கூட்டத்துக்கும் புயலுக்கும் முன்னால் வேலை முடிந்துவிடும். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ள ஒரு பையன் கைரேகை மெஷினோடு வந்தான். மாமாவின் பத்து விரலும் வைத்தாயிற்று, ஒன்றும் பதியவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து வைத்தாயிற்று. கடைசியில் பையன் ரொம்ப மரியாதையாக, "ஐயா, நீங்க இல்லன்னு வருது" என்றான். மாமா என்னைப் பார்த்தார். "மலோன்கூட இவ்வளவு தெளிவா எழுதல" என்றார்.

அப்புறம் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வழியில் முடித்தோம். ஜீவன் பிரமாண் செயலியும் ஆதாரின் முக அடையாளச் செயலியும் ஒரு நல்ல செல்போனில் இருந்தால் வீட்டிலேயே ஆகிவிடும். முகத்துக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம் இருக்க வேண்டும், பின்னால் வெற்றுச் சுவர் இருந்தால் நல்லது, கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள், படுத்தபடி எடுப்பதைவிடச் சாய்ந்து உட்கார வைத்து எடுப்பது சுலபம். கண்ணை ஒரு தரம் மூடித் திறக்கச் சொல்லும். இமைத்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மாமா வேண்டுமென்றே விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்து எங்களைக் கொஞ்ச நேரம் சோதித்துவிட்டுத்தான் இமைத்தார்.

நான் யார் என்ற கேள்வி நாவல் முழுக்க ஓடுகிறது என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தால் அது தத்துவமாகவே தெரியாது. பென்ஷன் ஆபீஸுக்கு அவர் ஒரு எண். உதவிக்கு வரும் ஆளுக்கு ஐயா, நர்ஸ் பெண்ணுக்குத் தாத்தா, பழைய மாணவர்கள் வந்தால் மிஸ்யே, பிரெஞ்சில் சார் என்பது மாதிரி. மிஸ்யே என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தால் முதுகு தானாக நிமிரும், அன்று சோறு ஒரு பிடி கூட இறங்கும். மற்ற நாட்களில் அந்த மிஸ்யே எங்கே போகிறார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

மலோன் தன்னைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் நழுவி இன்னொருவன் கதைக்குள் போய்விடுகிறான். மாமாவும் அதையே செய்ய ஆரம்பித்தார். "குருசுக்குப்பத்தில ஒரு பையன் இருந்தான்" என்று தொடங்குவார். நான் என்று சொல்லவே மாட்டார். அந்தப் பையனுக்கு 1954-ல் பதிமூன்று பதினாலு வயது. அந்த அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகளின் ஓட்டெடுப்பு, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. பையன் அதைக் கூட்டத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தான் என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள் சொன்னபோது பையனுக்கு அன்று காய்ச்சல், போர்வைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டான். என் வீட்டுக்காரர் விடமாட்டார், "அப்பா, போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே" என்று ஆரம்பிப்பார். நான் கண்ணைக் காட்டி நிறுத்துவேன். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை இல்லை. பையன் எழுந்து நின்ற நாளும் உண்டு, படுத்துக் கிடந்த நாளும் உண்டு, மாமாவின் அன்றைய உடம்பைப் பொறுத்து. திருத்தினால் அவர் வாய் மூடிக்கொள்வார், நமக்கு மிஞ்சுவது ஒரு சரியான தேதி மட்டும்.

சாவுப் பேச்சைப் பற்றி. நம் வீடுகளில் பெரியவர் "நான் போயிட்டா" என்று வாயெடுத்தாலே, "ஏன் இப்படி அச்சானியமா பேசறீங்க, நூறு வயசு இருப்பீங்க" என்று அடைத்துவிடுவோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவருக்குப் பேச ஆளில்லாமல் போகிறது. மலோனை வைத்துப் பேசுவது சுலபமாக இருந்தது. முதல் பக்கத்தில் மலோன் நாள் குறிக்கிறான். ஏப்ரலோ மே மாதமோ முடிந்துவிடும் என்கிறான், இல்லை ஒருவேளை ஜூலை பதினாலு வரை தாக்குப் பிடிப்பேனோ, ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாள் வரைகூட இழுத்துவிடுவேனோ என்று கூட்டிக்கொண்டே போகிறான். புதுச்சேரிக்காரருக்கு இந்தத் தேதிகளைச் சொல்லித்தர வேண்டுமா? ஜூலை பதினாலுக்குப் பழைய சொல்தாக்கள், பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள், மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர்நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். ஆகஸ்ட் பதினைந்து சுதந்திர தினம், மாதா திருநாள், அரவிந்தர் பிறந்தநாள் எல்லாம் ஒன்றாக வரும். மாமா விரல் விட்டு எண்ணினார். "பதினைஞ்சு வரைக்கும் இருந்தா பதினாறும் இருக்கணும், ஊர் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த நாள். அதுக்கப்புறம் நவம்பர் ஒண்ணு. விட்டா தீபாவளி." இப்படித் தன் சாவு நாளை அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே போனபோது, எரிக்கும்போது யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பட்டு வேட்டி, பதினாறாம் நாள் ஆடம்பரம் வேண்டாம் என்பதையும் நடுவில் சொல்லிவிட்டார். சிரிப்பு சத்தத்துக்கு இடையில் அதையும் எழுதிக்கொண்டேன்.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கும் நாவலில் ஒரு பக்கம் உண்டு. மலோனைப் பார்க்கக் கறுப்பு சூட் போட்ட ஒருவன் வருகிறான். தலையில் ஒரு அடி போடுகிறான். அப்புறம் மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் நிற்கிறான். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அடிப்பதில்லை, "இளைச்சுட்டீங்களே" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது மாமாவின் கட்சி. நோயாளியைப் பார்க்கப் போனால் உடம்பைப் பற்றிப் பேசாமல் ஊர்க்கதை பேசுங்கள், கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

எல்லோருக்கும் இந்த நாவல் ஆகுமா என்றால் ஆகாது. மனச்சோர்வில் இருப்பவர், புதிதாக ஒருவரைப் பறிகொடுத்தவர், வலி கட்டுக்குள் வராதவர், இவர்களிடம் கொண்டு போகாதீர்கள். கடைசிப் பகுதியில் கோடாலியும் ரத்தமும் வருகிறது, வாசிப்பவர் முன்கூட்டியே படித்துவிட்டு எதை விடலாம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மாமாவிடம் சொன்னேன், "ஒண்ணையும் விடாதே" என்றார், அதனால் விடவில்லை. கேட்கிறவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிஷமே மூடிவிட்டுத் தினத்தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் முதல் தடவை தொடுபவர்களுக்கு நான் பெக்கெட்டைச் சொல்லவே மாட்டேன். காம்யுவின் 'அந்நியன்' தமிழில் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது, சின்னப் புத்தகம், நடக்கிற கதை, அதிலிருந்து தொடங்குங்கள்.

'மலோன் மெர்' மூன்று நாவல் வரிசையில் நடுவில் நிற்பது. முன்னால் 'மொல்லாய்', பின்னால் 1953-ல் வந்த 'லினோமாபிள்'. பின்னதை எடுத்து ஒரு காலை வாசித்துப் பார்த்தோம். அதில் பேசுகிற குரலுக்கு நிலையான பெயரும் இல்லை, உடம்பும் இல்லை. "கட்டில்கூட இல்லாத கதை எனக்கு எதுக்கு?" என்று மாமா நிறுத்திவிட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது. இப்போது 'மொல்லாய்' ஓடுகிறது. அதில் ஒருவனிடம் சப்பிக்கொண்டிருக்கப் பதினாறு கூழாங்கல், உடம்பில் நாலு பை. ஒரு கல்லையே இரண்டு தரம் சப்பாமல் பதினாறையும் வரிசையாக எப்படிச் சுற்றுக்கு விடுவது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறான். மாமா நம்பவில்லை. பேரனின் நாலு பை வைத்த டிரவுசரை வரவழைத்து, பதினாறு புளியங்கொட்டையைப் பைக்கு நாலாகப் போட்டு, தொரட்டியால் அதைப் போர்வைமேல் விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். நாலு பையில் முடியாது, ஐந்தாவது பை வேண்டும் என்கிறான் பேரன். புத்தகத்தில் நாலுதான் இருக்கிறது, நாலில்தான் போட வேண்டும் என்கிறார் தாத்தா. ஒரு கொட்டை கட்டிலுக்குக் கீழே உருண்டுவிட்டது, அதை எடுக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.